சாலையில் ஓர் உயிர் போனபின்

கீழ்வேளூரிலிருந்து மேற்கே செல்லும் பேருந்தில் சிறிது நேரம் அமர்ந்திருந்தால் திருவாரூர் வந்துவிடும். அங்கே தியாகராசர் திருக்கோயிலின் புறத்தே ஒரு கல்தேர் நிற்கிறது. அதன் சக்கரத்தின்கீழ் ஓர் இளைஞன் கிடக்கிறான். மனுநீதிச் சோழனின் மகன் அவன். நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுதோறும் அங்கே அழைத்துச் சென்று, சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியுள்ள அந்தக் கதையைச் சொல்வது வழக்கம். இளவரசன் தேரேறி வந்தான். யாரும் எதிர்பாராமல் ஒரு கன்று துள்ளி வந்து தேர்க்காலில் அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலின் ஆராய்ச்சி மணியை அசைத்தது. கழுவாய் செய்தால் போதும் என்ற சொல்லை மன்னன் ஏற்கவில்லை. தன் மகன் மீது தானே தேரைச் செலுத்தினான். இதே கதையை அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன் மீது ஏற்றி இலங்கையின் மகாவமிசமும் சொல்கிறது.

ஓர் ஆண்டு பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: “ஐயா, கன்று தானாகத்தானே குறுக்கே வந்தது? இளவரசன் என்ன பிழை செய்தான்?” நான், “அரச நீதி அப்படி, தம்பி” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அவன் கேட்டது எத்துணைச் சரியான கேள்வி என்பது பணி ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு விளங்கிற்று. சோழன் கேட்காமல் விட்ட கேள்வி அது. ‘ஓட்டியவன் கவனமாக ஓட்டினானா?’ என்பதுதான் அக்கேள்வி. இக்காலச் சட்டம் முழுவதும் அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

அது எனக்கு விளங்கிய இரவைச் சொல்லுகிறேன். ஆளும் ஊரும் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியே சொல்லுகிறேன். 2019-ஆம் ஆண்டு, தை மாதக் கடைசி. கஜா புயல் அடித்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. சாலையோரத்தில் விழுந்த மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் அகற்றப்படாமல் கிடந்தன. சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் அறுவடைக் காலம் என்றால் சாலையில் பாதி களமாகிவிடும். நெல்லைக் காயப்போட்டு, காவலுக்குக் கல்லை வரிசையாக வைத்துவிடுவார்கள். மீதிப் பாதியில் லாரியும் போகவேண்டும், மாடும் போகவேண்டும், வேலை முடிந்து வீடு திரும்புவோரும் போகவேண்டும். இரவு எட்டு மணியளவில் என் வீட்டுக் கதவை ஒருவர் தட்டினார். திறந்தால், என்னிடம் படித்த மாணவன் ஒருவன். நெல் மூட்டை ஏற்றும் சிறிய லாரி ஒன்றை ஓட்டி வந்தவன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. “ஐயா, ஒருத்தர் மேல வண்டியை ஏத்திட்டேன்” என்றான்.

அடிபட்டவரைத் தூக்கினாயா என்று கேட்டேன். இல்லை என்றான். ஏன் என்றேன். கூட்டம் கூடி அடித்துக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து ஓடி வந்துவிட்டதாகச் சொன்னான். “எத்தனை பேர் இருந்தார்கள்?” என்று கேட்டேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ஒரே ஒரு அம்மாதான் ஐயா. தலையில புல்லுக்கட்டு வச்சிருந்தாங்க” என்றான்.

மாணவ நண்பர்களே, வண்டியோட்டியின் சட்டக் கடமை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு சொல்வது இது: விபத்தில் ஒருவர் காயமுற்றால், வண்டியோட்டி அவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், அருகிலுள்ள மருத்துவரிடமோ மருத்துவமனைக்கோ கொண்டுசெல்ல வேண்டும், காவலர் அருகில் இல்லையென்றால் கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்திற்குள், அண்மையிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும், இன்ஷூரன்ஸ் நிறுவனத்திற்கும் தெரிவிக்க வேண்டும். பிழை யாருடையது என்ற கேள்வி இங்கே எழுவதே இல்லை. குற்றமற்றவனுக்கும் இக்கடமை உண்டு. ஒரே ஒரு விலக்கைச் சட்டம் தருகிறது. கூட்டத்தின் சீற்றத்தாலோ தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட வேறு காரணத்தாலோ உதவ முடியாமல் போனால் பொறுத்துக்கொள்கிறது. மனிதனின் அச்சத்தை அறிந்தே சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. ஆயின் அது மன்னிப்பது கண்ணெதிரே இருக்கும் கூட்டத்திற்கு அஞ்சுவதையே. என் மாணவன் அஞ்சிய கூட்டம் அவன் மனத்தில் மட்டுமே இருந்தது. சாலையில் இருந்தவர் புல்லுக்கட்டுடன் ஒரு பெண்மணி. அவர்தாம் கட்டைக் கீழே போட்டுவிட்டு, அவ்வழியே வந்த ஒருவரைக் கொண்டு 108-க்குச் சொல்லச் செய்தவர்.

அப்பெண்மணியைப் போன்றவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உதவப் போனால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்று நம் ஊர்களில் ஓர் அச்சம் நெடுங்காலமாக உண்டு. 2016-இல் உச்சநீதிமன்றம் இத்தகையோரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை தந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 134-அ என்னும் பிரிவே அதற்கெனச் சேர்க்கப்பட்டது. அடிபட்டவரை நல்லெண்ணத்துடன் தூக்கிச் செல்பவர் பெயர் சொல்லக் கட்டாயம் இல்லை. சாட்சியாக இருக்கவும் கட்டாயம் இல்லை. விருப்பம் இருந்தால் இருக்கலாம்.

அன்றிரவுக்குத் திரும்புவோம். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவனுடைய கைப்பேசி ஒலித்தது. வண்டியின் உரிமையாளர். ‘நீ போகாதே, வேறு ஒருவரை ஓட்டியதாகக் காட்டிவிடலாம்’ என்றார். அவர் குரல் எனக்கே கேட்டது. உதவும் எண்ணத்தில் சொன்னாரோ, தம் வண்டியைக் காக்கச் சொன்னாரோ, அறியேன். குற்றம் செய்தவரை மறைக்கப் பொய்த்தகவல் தருவது தனியே ஒரு குற்றம். அதற்கு மேலும் ஒரு கேடு உண்டு. ஆள்மாற்றம் வெளிப்பட்டால் இறந்தவர் குடும்பத்துக்கு வரவேண்டிய இழப்பீட்டு வழக்கும் சேர்ந்து குழம்பிவிடும். இவ்வளவையும் அன்று நான் அறிந்திருக்கவில்லை. “வேண்டாம், வா போகலாம்” என்று மட்டும் சொன்னேன்.

காவல் நிலையத்திற்குப் போகும் வழியில் அவன், “நடந்தது எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லிடட்டுமா ஐயா?” என்று கேட்டான். “வழக்கறிஞரிடம் சொல், தம்பி” என்றேன். காவல் அதிகாரியிடம் ஒருவர் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சான்றாகாது. ஆனால் என்னைப் போன்ற மூன்றாமவரிடம் சொன்னது சான்றாகக்கூடும். இது பின்னாளில் ஒரு வழக்கறிஞர் எனக்கு விளக்கியது. அன்று இந்த நுட்பத்தை எண்ணி நான் அவ்வாறு சொல்லவில்லை. கேட்க அஞ்சினேன் என்பதுதான் உண்மை.

நடந்து சென்றவர் ஐம்பத்திரண்டு வயதான விவசாயத் தொழிலாளி. விடியற்காலையில் மருத்துவமனையில் இறந்துபோனார்.

முதல் தகவல் அறிக்கையில் முதலில் எழுதப்பட்டது, பொதுச் சாலையில் கண்மூடித்தனமாக ஓட்டியதும் காயம் விளைவித்ததும்தாம். இறப்புச் செய்தி வந்ததும் பிரிவு மாற்றப்பட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-அ பிரிவு அது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல். இந்தப் பிரிவின் வரலாறு சுவையானது. 1860-இல் சட்டம் இயற்றப்பட்டபோது இது அதில் இல்லை, 1870-இல்தான் சேர்த்தார்கள். மோட்டார் வண்டி என்பதையே உலகம் அறியாத காலம். மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் ஓடிய நாட்டிற்காக எழுதிய இரண்டு வரிகள், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக லாரிகளையும் பேருந்துகளையும் விசாரித்துவந்தன. இங்கிலாந்தில் மோட்டார் வண்டி மோதி ஒரு பெண்மணி முதன்முதலில் இறந்தது 1896 ஆகஸ்ட் 17 அன்று, லண்டனில். விசாரணைக் குழு ‘தற்செயலான மரணம்’ என்று முடிவு கூறிற்று. ஓட்டியவர் மீது வழக்குத் தொடரப்படவில்லை. சோழன் ஓர் எல்லை என்றால் இது மறு எல்லை. நம் சட்டம் இரண்டிற்கும் நடுவே நிற்க முயல்கிறது.

மறுநாள் காலை அவன் பிணையில் வெளியே வந்தான். ஊரில் பலரும் ‘காசு கொடுத்து வந்துவிட்டான்’ என்று பேசினார்கள். அது தவறு. 304-அ பிணையில் விடத்தக்க குற்றம். பிணை பெறுவது அவனுடைய உரிமை. பிணை கிடைத்தது என்பதற்குக் குற்றம் இல்லை என்பது பொருளன்று. விசாரணை முடியும்வரை வெளியில் இருக்கலாம் என்பதே பொருள்.

பிறகு புலனாய்வு. பிரேத பரிசோதனை நடந்தது. காவலர்கள் நிகழ்விடத்தின் வரைபடம் எழுதினார்கள். சாலையின் அகலம், நெல் கிடந்த பகுதி, சக்கரம் தேய்ந்த தடம், உடல் கிடந்த இடம் எல்லாம் அடிக்கணக்கில் குறிக்கப்பட்டன. மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து வண்டியை ஓட்டிப் பார்த்து, பிரேக் சரியாக இருக்கிறது, இயந்திரக் கோளாறு காரணமன்று என்று சான்று கொடுத்தார். இந்த ஒரு தாள் மிக முக்கியமானது. ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்ற வாதத்தின் வாழ்வும் சாவும் அதில்தான் இருக்கின்றன.

இனி அந்தப் பழைய மாணவனின் கேள்விக்கு வருகிறேன். எது கவனக்குறைவு? ஆபத்தை அறிந்தும் ‘ஒன்றும் ஆகாது’ என்று துணிவது ஒன்று. அறிந்திருக்க வேண்டிய ஆபத்தை அறியாமலே போவது மற்றொன்று. இரண்டும் குற்றமே. ஆனால் அரசுத் தரப்பு அதை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். ‘வண்டி அதிவேகமாக வந்தது’ என்று சாட்சிகள் சொன்னால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது என்று 1998-இல் கர்நாடக மாநில வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. வேகம் என்பது ஒப்புமைச் சொல். கீழ்வேளூர்க் கடைத்தெருவில் முப்பது கிலோமீட்டர் வேகமும் அதிகம். ஆளற்ற நெடுஞ்சாலையில் அறுபதும் குறைவு. எந்த இடத்தில், எந்த ஒளியில், எவரை எதிர்பார்த்திருக்க வேண்டிய நேரத்தில் அவ்வேகம் என்பதைக் காட்டினால்தான் குற்றம் நிற்கும். என் மாணவனின் வழக்கில் அதுதான் நின்றது. சாலையில் பாதி நெல், தெருவிளக்கு இல்லை, களத்திலிருந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரம் என்பது டெல்டாவில் பிறந்தவன் எவனுக்கும் தெரியும். அவ்விடத்தில் முன்விளக்கு எட்டும் தூரத்திற்குள் நிறுத்த இயலாதபடி ஓட்டியதே கவனக்குறைவு என்று நடுவர் எழுதினார். நடந்தவர் சற்று உள்ளே வந்து நடந்தார் என்ற வாதத்தை, நெல் கிடக்கும்போது அவர் வேறு எங்கே நடப்பார் என்று கேட்டு ஒதுக்கினார். நெல்லைக் காயப்போட்டவர்களின் பங்கைப் பற்றி அந்தத் தீர்ப்பில் ஒரு சொல்லும் இல்லை. எனக்கு அது குறையாகவே பட்டது.

கொரோனாக் காலத்தில் நீதிமன்றங்கள் முடங்கியதால் தீர்ப்பு வர 2022 ஆகிவிட்டது. 304-அ பிரிவின்கீழ் ஆறு மாதச் சிறை. உதவாமல் ஓடியதற்குத் தனியே அபராதம். முதல் குற்றம் என்பதால் நன்னடத்தைச் சட்டத்தின்படி சிறையின்றி விடுமாறு வழக்கறிஞர் வேண்டினார். அது ஏற்கப்படவில்லை. சாலை மரண வழக்குகளில் வண்டியோட்டிகளுக்கு அச்சலுகையைத் தரலாகாது என்று தல்பீர் சிங் வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆறு மாதம் கூடுதலா குறைவா? இறந்தவரின் மகன் என் முகத்துக்கு நேரே, “எங்கப்பாவோட உசுரு ஆறு மாசமா?” என்று கேட்டான். அன்றே காவல் நிலையத்திற்குத் தானே வந்ததை எண்ணித் தண்டனையைக் குறைத்ததாகத் தீர்ப்பில் இருந்தது. அதை அந்தப் பையனிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

இன்று இதே நிகழ்ச்சி நடந்தால் கணக்கு வேறு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன் 106-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, பழைய சட்டத்தில் இரண்டாண்டாக இருந்த உச்சவரம்பை ஐந்தாண்டாக உயர்த்தியிருக்கிறது. மரணம் விளைவித்துவிட்டு, காவலருக்கோ நடுவருக்கோ தெரிவிக்காமல் ஓடுகிறவருக்குப் பத்தாண்டு வரை என்று இரண்டாம் உட்பிரிவும் எழுதப்பட்டது. 2024 ஜனவரியில் நாடெங்கும் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. புதிய சட்டம் பழைய நிகழ்ச்சிகளைத் தொடாது. செய்த நாளில் இருந்த சட்டத்தின்படியே தண்டனை என்பது நம் அரசியலமைப்பின் 20-ஆவது பிரிவு.

கவனக்குறைவு என்ற எல்லையைத் தாண்டி, ‘இதனால் உயிர் போகக்கூடும் என்று அறிந்தே செய்தான்’ என்ற நிலைக்கு வழக்கு போவதும் உண்டு. 2006 நவம்பரில் மும்பையில் ஒருவர் குடித்துவிட்டுக் காரை ஓட்டி, நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் எழுவரைக் கொன்றார். விசாரணை நீதிமன்றம் ஆறு மாதமே விதித்தது. உயர்நீதிமன்றம் அதைக் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் கண்டு மூன்றாண்டாக உயர்த்தியது. 2012-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. குடித்தவன் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது என்பதே அதன் சாரம்.

இதுவரை சொன்னது தண்டனை. திருவாரூர்ப் பசுவுக்கு அரசன் கொடுத்ததும் தண்டனை மட்டுமே. இளவரசன் மாண்டால் கன்றிழந்த பசுவின் மடி நிறையுமா? இறைவன் தோன்றி அனைவரையும் எழுப்பியதாகப் புராணம் முடிகிறது. நம் சாலைகளில் அது நடப்பதில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அக்குடும்பங்களுக்காக இருப்பதுதான் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். இது குற்றவியல் வழக்கிலிருந்து வேறானது. அங்கே விடுதலையானாலும் இங்கே இழப்பீடு கிடைக்கலாம். ஏனெனில் இங்கே ஐயத்திற்கு இடமில்லாத மெய்ப்பு வேண்டியதில்லை, எது நடந்திருக்கக்கூடும் என்ற நிலை போதும்.

நான் கணக்கு ஆசிரியனாக இருந்தவன். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தவர் வயது 52. மாத வருமானம் 10,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் கொள்வதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,20,000. அவர் வாழ்ந்திருந்தால் வருமானம் உயர்ந்திருக்கும். ஐம்பது முதல் அறுபது வயதுக்குட்பட்ட, சொந்தமாக உழைப்பவருக்கு நூற்றுக்குப் பத்து சேர்க்க வேண்டும் என்பது 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் வந்த தீர்ப்பு. ஆக 1,32,000. தமக்கென்று அவர் செலவிட்டிருக்கக்கூடிய பங்கைக் கழிக்க வேண்டும். சார்ந்திருப்போர் மூவரானால் மூன்றில் ஒன்று. மீதி 88,000. அந்த வயதுக்குரிய பெருக்கெண் 11 என்பது 2009-ஆம் ஆண்டு சரளா வர்மா வழக்கின் அட்டவணை. பெருக்கினால் 9,68,000. இதனோடு ஈமச்சடங்குச் செலவு, சொத்திழப்பு, மனைவி துணையை இழந்தது ஆகியவற்றிற்கு பிரணய் சேத்தி தீர்ப்பு வகுத்த 70,000 சேர்ந்தால் 10,38,000. பிற்காலத்தில் உயர்ந்த விகிதங்களையும் பிள்ளைகளுக்குரியதையும் நான் சேர்க்கவில்லை. ஓர் ஆயுளை இப்படிப் பெருக்கி வகுப்பது கொடுமை என்று தோன்றலாம். அந்தக் குடும்பத்தின் அடுப்பு எரிய வேறு வழியை இதுவரை எவரும் கண்டுபிடிக்கவில்லை.

இத்தொகையை யார் கொடுப்பது? வண்டிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இருந்தால் அந்நிறுவனம், இல்லையேல் உரிமையாளர். ஓட்டியவனிடம் தக்க உரிமம் இல்லையென்றால், நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு தீர்ப்பாயம் உத்தரவிடுவது உண்டு. மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் போனால், 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தின்படி இறப்புக்கு 2,00,000 ரூபாய் மட்டுமே. முன்பு கண்ட 10,38,000 எங்கே, இந்த இரண்டு இலட்சம் எங்கே? அன்றிரவு என் மாணவன் ஓடி ஒளிந்து, வண்டியும் அகப்படாமல் போயிருந்தால் அந்தக் குடும்பம் இழந்திருக்கக்கூடியது இந்த வேறுபாடு.

உங்கள் வயதினருக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். 199-அ. பதினெட்டு வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். தமக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்கத் தக்கவாறு முயன்றேன் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவரையே சேரும். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்திற்கு ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் இல்லை. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, பத்தாம் வகுப்புப் பையன்கள் சிலர் தந்தையின் மோட்டார் சைக்கிளில் வந்து, பள்ளிக்கு வெளியே புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள். மரம் பள்ளி எல்லைக்கு அப்பால் இருந்தது. ஆதலால் நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

மேல்முறையீடு 2023-இல் தள்ளுபடியாயிற்று. அவன் சிறைக்குப் போய்த் திரும்பி வந்தான். இப்போது வண்டி ஓட்டுவதில்லை. நெல் கொள்முதல் நடக்கும் காலத்தில் மூட்டை தைக்கும் வேலைக்குப் போகிறான். வந்த மறுவாரம் என்னிடம் வந்து, அந்த வீட்டுக்குப் போய் அவர்களைப் பார்க்கலாமா என்று கேட்டான். இதற்குச் சட்டத்தில் பிரிவு ஏதும் இல்லை. அவர்களைக் கேட்டு வருகிறேன் என்று சொல்லி நான் மட்டும் போனேன். அந்த அம்மையார் திண்ணையில் அமர்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு, சுளகைக் கீழே வைத்தார். “இப்ப வேண்டாங்க ஐயா” என்றார்.

அவனிடம் அப்படியே சொன்னேன்.